இடது பக்கத்து மினுமினுப்பு

ஜெயங்கொண்டத்தில் நான் வேலை பார்க்கும் டி.டி.பி. கடையில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். காலையில் செல்வி அடிப்பாள், மதியத்துக்கு மேல் நான். அவள் எழுந்த கையோடு உட்கார்ந்தால் கீயெல்லாம் அவள் விரல் சூட்டோடு இருக்கும். பத்திரமும் மனுவும் அடித்து அடித்துச் சாதாரண கீபோர்டு தாங்காததால், ஓனர் அண்ணன் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கிப் போட்டிருந்தார்.

அதன் கீகேப், அதாவது கீயின் மேல்மூடி, ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். விரல் படும் இடம் தேய்ந்து மினுங்கும். ஸ்பேஸ் பாரில் இரண்டு இடத்தில் மினுங்கியது. வலது பக்கம் என் கட்டைவிரல். இடது பக்கம் செல்வியுடையது. டைப்ரைட்டிங் வகுப்பில் எவ்வளவு திட்டு வாங்கியும் அவள் இடது கட்டைவிரலை விடவில்லை.

அரசு டைப்பிஸ்ட் தேர்வை இருவரும்தான் எழுதினோம். அவளுக்குக் கிடைத்தது, தர்மபுரிக்குப் போய்விட்டாள். எனக்குக் கிடைக்காத வருத்தம் உண்டு. அதைவிட, இப்போது முழுநாளும் நானே அடிப்பதும், வந்து உட்காரும்போது கீயெல்லாம் ஆறிப்போய்க் கிடப்பதும்தான் தாங்க முடியவில்லை.

ஒருநாள் அண்ணன் புதுக் கீகேப் பெட்டியோடு வந்தார்.

“பாரு, பழசு எண்ணெ தடவுன மாதிரி இருக்கு. இது பி.பி.டி. பிளாஸ்டிக், சொரசொரன்னு இருக்கும், எத்தன வருசம் அடிச்சாலும் லேசுல மினுங்காது. பழசத் தூக்கிப் போட்டுடுவோம்.”

பழைய கீகேப்பையெல்லாம் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். ஸ்பேஸ் பாரும் அதோடு போனது. அதை மட்டும் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

புது எழுத்துகள் கச்சிதமாக உட்கார்ந்தன, விரல் வழுக்கவில்லை. ஸ்பேஸ் பார் மட்டும் அமுக்கினால் மேலே வராமல் சிக்கியது. அண்ணன் அதைக் கழற்றி மேசைக் கண்ணாடிமேல் வைத்துத் தட்டினார். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது.

“பி.பி.டி. அச்சுலேருந்து ஆறும்போது ரொம்ப சுருங்கும். நீளக் கீயா இருந்தா வளைஞ்சிடுது. வேற அனுப்பச் சொல்றேன், அதுவரைக்கும் பழசே இருக்கட்டும்.”

“வேற வேணாண்ணே. பழசே நல்லாத்தான் இருக்கு,” என்று கூடைக்குள் கைவிட்டு நானே எடுத்தேன்.

சாயங்காலம் செல்வியிடம் போனில் சொன்னேன். “என் பக்கத்துல நீ தட்டிடாதடி,” என்றாள்.

கீகேப் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழுத்துக்குப் பி.பி.டி. போடுங்கள். ஸ்பேஸ் பாரைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஆடினால் ஏ.பி.எஸ். போதும்.

எங்கள் ஸ்பேஸ் பாரில் வலது பக்கம் நாளுக்கு நாள் கூடுதலாக மினுங்குகிறது. இடது பக்கம் அவள் விட்டுப்போனபடியே இருக்கிறது. லீவில் ஊருக்கு வந்தால் ஒரு மனுவாவது அவள் உட்கார்ந்து அடிக்க வேண்டும். அவள் எழுந்ததும் நான் உட்கார வேண்டும்.