சுண்ணாம்பு போட்ட கிணறு

பாலாற்றில் வெள்ளம் வந்தால் ஆம்பூரில் எங்களுக்கெல்லாம் முதலில் சந்தோஷம்தான். வருஷத்தில் பாதி நாள் மணலாய்க் கிடக்கிற ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்றால் யாருக்குத்தான் வீட்டில் இருப்புக் கொள்ளும்? அந்த வருஷமும் வேடிக்கை பார்க்கக் கரைக்கு ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் தெருக் கிணற்றில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

தோல் பதனிடும் ஷாப்பின் கழிவு வாய்க்கால் எங்கள் கிணற்றை ஒட்டித்தான் ஆற்றுக்குப் போகும். ஆறு நிறைந்ததும் வெள்ளம் அந்த வாய்க்கால் வழியாகவே எதிர்த்து ஏறி, தோல் ஊறப்போடும் குழிகளை அலசிக்கொண்டு, முழங்கால் உயரச் சுவரைத் தாண்டிக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

தோல் வேலைக்காரர்களுக்குச் சுண்ணாம்பின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. தோலில் ஒட்டிய முடியையே கழற்றுகிற சுண்ணாம்பு அழுக்கை விட்டுவைக்குமா? பக்கத்து வீட்டு பாய் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். அவர்தான் ஷாப்பிலிருந்து கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார். மறுநாள் தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது. அடியில் தங்கிய சேற்றை ஒருவரும் அள்ளவில்லை. தெளிந்துவிட்டதே என்று காய்ச்சாமலே குடித்தோம்.

தெரு முழுக்க வாந்தியும் பேதியும். நாங்களெல்லாம் பிழைத்துக்கொண்டோம். அப்போதுதான் நடை பழகி, எங்கள் வீட்டுக்குள் வந்து என் முந்தானையைப் பிடித்து இழுக்கும் பாயின் மகள் மட்டும் பிழைக்கவில்லை. அவரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவரே தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதைக் கேட்கவே முடியவில்லை.

"நீங்க கொட்டலன்னா வேற யாராவது கொட்டியிருப்பாங்க பாய். நம்ம தெருவுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதானே" என்றேன்.

"வாய்க்கால திருப்பணும்க்கா" என்றார்.

ஷாப்பு முதலாளியிடம் தெருவே போய் நின்றது. "வெள்ளம் இன்னா, வருஷா வருஷமா வருது?" என்றார் அவர். என் வாய் சும்மா இருக்குமா? "வராத வருஷத்துலதானே மண்ணு வெட்ட முடியும்?" என்று கேட்டுவிட்டேன். முறைத்தார். ஆனாலும் ஆள் கொடுத்தார்.

கோடை முழுக்க வேலை நடந்தது. சேற்றை அள்ளிக் கிணற்றைச் சுத்தம் செய்து, சுவரை என் நெஞ்சு உயரத்துக்கு எழுப்பினார்கள். வாய்க்காலைத் தெருவுக்கு வெளியே கீழ்ப்பக்கமாகத் திருப்பினார்கள். அது ஆற்றில் சேரும் இடத்தில் வெள்ளம் எதிர்த்து ஏறாமல் அடைக்க பாய் ஒரு பலகைக் கதவு வைத்தார். சுவர் உயர்ந்ததில் தண்ணீர் சேந்தும்போது எனக்குத் தோள் கழன்றுவிடும். திட்டிக்கொண்டேதான் சேந்துவேன்.

அடுத்த வெள்ளத்துக்கு ஒருவரும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. பாய் பலகையை இறக்கி, இடுக்கெல்லாம் களிமண் அப்பி, வடிகிறவரை அங்கேயே நின்றார். வடிந்ததும் கிணற்றைச் சுற்றிக் கூடினோம். எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. தண்ணீர் நேற்றைய தண்ணீராகவே இருந்தது.

"மொதக் குடம் நீங்க எடுங்க பாய்" என்றேன்.

நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குத்தான் வருகிறார் என்று அவர் மனைவி கதவைத் திறந்து வைத்தாள். அவர் வீட்டைத் தாண்டி, மகளை அடக்கம் செய்த இடத்துக்கு அந்தக் குடத்தைக் கொண்டுபோனார்.