வடிவாம்பாள் கழுவிய செயின்

பிள்ளையார்பாளையத்தில் பாவு பிணைக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் வாயில் வருகிற பெயர் வடிவாம்பாள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பழைய பாவு தீரும் நேரத்தில், அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை முறுக்கிச் சேர்ப்பது அவள் வேலை. இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். வாயும் அப்படித்தான், ஆரம்பித்தால் ஓயாது. அவள் பிணைத்ததில் ஒரு இழை விட்டுப்போச்சு என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குத் தெருவே அதிரும். ஐம்பதை நெருங்கும் வயதிலும் வீடு வீடாக சைக்கிளில்தான் போவாள். அந்த சைக்கிள் மேல் மட்டும் அக்கறையே கிடையாது. துடைக்காமல் எண்ணெய்மேல் எண்ணெய் விட்டு, செயின் தார் பூசியதுபோல் கிடந்தது. கடைசியில் அதுதான் அவள் மானத்தை வாங்கியது.

போன மாதம் நெசவுக்கார உதயகுமார் வீட்டுக்குப் பிணைக்கப் போகும் வழியில் செயின் கழன்றது. கையாலேயே மாட்டினாள். அந்த வீட்டுக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஆனால் நகக்கண்ணில் ஒட்டிய கருப்பு போகவில்லை. பிணைத்து முடித்து, சிக்கெடுக்க சந்தன நிறப் பாவின்மேல் கையை ஓட்டியபோது கருப்பாக ஒரு தீற்றல் விழுந்தது. பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்த இடத்தைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தாள்.

நெய்துகொண்டே வரும்போது கறை மேலே வந்தது. பழி மருமகள் தேவிப்ரியா தலையில் விழுந்தது. மாகறல் கிராமத்தில் பயிர் வைக்கிற குடும்பத்துப் பெண். உதயகுமார் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவள். மாமியார் புவனேஸ்வரி ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்தாள். கரிச்சட்டி தொட்ட கையோடு பாவைத் தொட்டுவிட்டாள் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணைத் தறிப்பக்கம் விடுவதில்லை. தறி இருக்கும் அறையைத் தாண்டும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறாளாம். மளிகைக் கடையில் யாரோ இதைச் சொல்லிச் சிரித்தார்கள். கேட்ட நாளிலிருந்து வடிவாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை.

சோறு இறங்காதவள் நேரே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவளோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை வாசலில் கவிழ்த்துப் போட்டு, செயினைக் கழுவ உட்கார்ந்தாள். யாராவது இந்தச் செயினைப் பார்த்து அந்தக் கறையோடு முடிச்சுப் போட்டுவிட்டால் என்ன ஆவது என்கிற பயம். துணி துவைக்கிற சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினாள். பாத்திரம் விளக்குகிற பவுடரைத் தூவி, பழைய பல் பிரஷால் தேய்த்தாள். கருப்பு அசையவில்லை. பவுடர்தான் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டது.

"வடிவம்மா, நாளைக்குப் பாவு பிணைக்க வரச் சொன்னாங்க அத்தை."

நிமிர்ந்தால், தேவிப்ரியா.

அந்தப் பெண் செயினைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "பவுடர் போட்டா மண்ணாட்டம் உள்ள உக்காந்துக்கும். பாத்திரம் கழுவுற லிக்விட் இருக்குதா? எங்கப்பா சைக்கிள நான்தான் கழுவுவேன்."

"நீ தொடாதம்மா, கையெல்லாம் ஆயிடும்."

"ஆவட்டும். ஏற்கெனவே பேரு கெட்ட கைதானே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வடிவாம்பாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லிக்விடைத் தண்ணீர் கலக்காமல் செயின்மேல் விட்டு, சற்று ஊறவிட்டு, பெடலைச் சுற்றச் சுற்ற பிரஷால் தேய்த்தாள் தேவிப்ரியா. கீழே வைத்த பேசின் கருத்தது. வெந்நீர் ஊற்றிப் பழைய துணியால் இறுக்கித் துடைத்ததும் செயின் புதிதுபோல் ஆகிவிட்டது. அவள் கை முழங்கைவரை கருப்பு.

போனவளைக் காணோமே என்று புவனேஸ்வரியே வந்து நின்றாள். மருமகள் கையைப் பார்த்ததும் அவளுக்கு வேறு பேச்சே வேண்டியிருக்கவில்லை.

"பாத்தியா வடிவு, இந்தக் கைதான் எம் பாவத் தொட்டுச்சு. நெசவு வூட்டுக்கு வந்து இவ்ளோ நாளாவுது, கழனிக் கை மாறல."

தேவிப்ரியா இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். மளிகைக் கடையில் கேட்டதைக் கண்ணால் பார்த்ததும் வடிவாம்பாளுக்குத் தாங்கவில்லை.

"அக்கா, உன் பாவுல கறை வெச்சது நான். வழியில செயின் கழண்டுச்சு. மாட்டுன கருப்பு கைய வுட்டுப் போறதுக்குள்ள உக்காந்தேன்."

புவனேஸ்வரி சிரித்தாள். "உன் மனசு யாருக்கு வரும் வடிவு. சின்னப் பொண்ணு திட்டு வாங்குதேன்னு பழிய நீ ஏத்துக்கிற." செயினைக் காட்டினாள். "இதுலயா கறை ஆச்சு? என் மூக்குத்தியவிட பளபளன்னு இருக்குது."

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். உண்மையைச் சொன்னதாகவும் ஆயிற்று, நல்ல பேருக்கும் குறைவில்லை. ஒரு கணம் வடிவாம்பாள் அப்படி நினைக்கவும் செய்தாள். அப்படி நினைத்ததுதான் அவளுக்குக் கறையை மறைத்ததைவிடக் கேவலமாக இருந்தது. எழுந்து உள்ளே போய்த் தன் பையைக் கொண்டுவந்தாள். அதில் அந்தப் பாவில் மிஞ்சிய சந்தன நிற இழைத் துண்டுகள் சுருட்டிக் கிடந்தன. செயின் துடைத்த துணியில் கட்டைவிரலை அழுத்தி, இழைகளின்மேல் அன்றைக்குப் போலவே ஓட்டினாள்.

"எடுத்துக்கினு போயி அந்தக் கறை பக்கத்துல வெச்சுப் பாருக்கா. கரிச்சட்டிக் கரி இப்டி மினுக்காது. கறைய அன்னிக்கே பாத்தேன். பாத்துட்டுதான் சுருட்டி வுட்டேன். செயின இப்ப கழுவுனதும் அது வெளிய தெரியக்கூடாதுன்னுதான்."

புவனேஸ்வரியின் சிரிப்பு நின்றது. இழைகளை வாங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தாள். தேவிப்ரியா குழாயில் கையைக் கழுவிக்கொண்டாள். "காஞ்சதும் தையல் மிஷின் எண்ணெய் வுடுங்க. இல்லனா துரு புடிக்கும்," என்று மட்டும் சொன்னாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதை எதிர்பார்த்ததற்கும் சேர்த்து வடிவாம்பாள் வெட்கப்பட்டாள்.

மறுநாள் காலை, வரவேண்டாம் என்று ஆள் வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. சைக்கிளைத் தொடாமல் நடந்தே போனாள். புவனேஸ்வரி வாசற்படியிலேயே நிறுத்தினாள்.

"கையக் காட்டு."

இத்தனை வருடத்தில் எந்த வீட்டிலும் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எதிர்வீட்டில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வடிவாம்பாள் இரண்டு கையையும் நீட்டினாள். புவனேஸ்வரி அவற்றைப் பார்க்கவில்லை. மருமகளிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு ஏது? உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"தேவி, நீ வந்து பாரு. நீ சரின்னு சொன்னா உள்ள வரட்டும்."

தேவிப்ரியா தறி அறையிலிருந்து வந்தாள். கை பின்னால் இல்லை. குனிந்து ஒவ்வொரு விரலாகப் புரட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கட்டைவிரல் மட்டும் இன்னொரு தபா கழுவிட்டு வாங்க."

தெருவையே அதிர வைக்கிற வடிவாம்பாள், மறுபேச்சுப் பேசாமல் குழாயடிக்குப் போனாள்.