எல்லைக்கல்லுக்கு அப்பால் தள்ளிய கரியிலை

எனக்குக் குப்பை ஆகாது. ஷார்ஜாவில் ஒரு பெரிய கிட்டங்கியில் பதினெட்டு வருடம் சாமான் அடுக்கிப் பழகிய புத்தி அது. எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். ஊருக்குத் திரும்பி, பூதப்பாண்டிக்கு வடக்கே மலையடிவாரத்தில், எங்கள் ஊரில் விளை என்று சொல்லுகிற ரப்பர்த் தோட்டம் ஒன்று வாங்கி, அதற்குள்ளேயே ஒரு வீடும் கட்டிக்கொண்ட பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. "இவரு செத்துச் சொர்க்கத்துக்குப் போனாலும் அங்க கெடக்க கட்டில நேரா இழுத்துப் போட்டுட்டுதான் படுப்பாரு" என்பாள் என் மனைவி. நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சுத்தப் பைத்தியம் இன்னொரு மனிதனின் பிழைப்பில் மண் போடும் என்று அப்போது தோன்றவில்லை.

விளையின் மேல் எல்லையில் அரசாங்கக் காடு தொடங்குகிறது. வேலி கிடையாது. வரிசையாகக் குவித்துச் சுண்ணாம்பு அடித்த எல்லைக்கற்கள்தான் அடையாளம். கற்களை ஒட்டிக் காட்டுப் பக்கமாக ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குப் புல்லையும் செடியையும் செதுக்கி, வெறும் மண்ணாக ஒரு பாதை போட்டிருப்பார்கள். நாங்கள் அதைத் தீக்கோடு என்போம். மலையில் ஆளுயரம் வளர்கிற போதைப்புல் காய்ந்து தீப்பிடித்தால் அந்த மண்ணில் வந்து தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும் என்பது கணக்கு. கோடு சுத்தமாக இருக்கும்வரை கணக்கும் சரி.

சிக்கல் எங்கள் ரப்பரில் இருந்தது. மார்கழி கடைசியில் இலை பழுக்க ஆரம்பித்தால் தை முடிவதற்குள் மரமெல்லாம் மொட்டை. கீழே கணுக்கால் புதைகிற அளவுக்குக் கரியிலை. காய்ந்த இலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். முன்பெல்லாம் பெண்கள் நாலைந்து பேர் வந்து எல்லையை ஒட்டிய மூன்று வரிசை மரங்களின் அடியைத் தூத்துப் பெருக்கி, கரியிலையைச் சாக்கில் அள்ளி, விளை நடுவில் இருக்கிற உரக்குழியில் போடுவார்கள். ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரமும் நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். ஷார்ஜாவில் தெருக் கூட்டுகிறவர்கள் முதுகில் ஒரு இயந்திரத்தை மாட்டிக்கொண்டு காற்றை அடித்தே குப்பையைத் தள்ளிப்போவதைப் பார்த்தவன் நான். நாகர்கோவிலில் விசாரித்து அதே மாதிரி ஒரு புளோயர் வாங்கி வந்தேன்.

அது வந்த அன்றைக்கு விளையில் திருவிழாதான். அக்கம்பக்கத்து விளைக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஒரு வார வேலை ஒரு காலையில் முடிந்தது. ஆனால் அந்த இயந்திரத்துக்கு அள்ளத் தெரியாது, தள்ளத்தான் தெரியும். குழி விளை நடுவில் இருக்கிறது, காடோ பத்தடியில் இருக்கிறது. நான் காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி அடித்தேன். கரியிலை சடசடவென்று எழும்பி எல்லைக்கற்களுக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் விழுந்தது. என் மேல் வரிசைகளில் ஒரு இலை இல்லை. அரசாங்கக் காட்டில் ஏற்கெனவே கோடி இலை கிடக்கிறது, இன்னும் கொஞ்சம் விழுந்தால் என்ன என்று நினைத்தேன். அடுத்த வாரம் மற்றவர்களும் வந்து என் புளோயரை இரவல் வாங்கிப்போய் அதையே செய்தார்கள். எல்லாருக்கும் தீ பயம் உண்டு. அந்தப் பயத்தில்தான் எல்லாரும் அவரவர் விளையைத் துடைத்து, கரியிலையைத் தீக்கோட்டிலேயே கொண்டு கொட்டினோம்.

முதலில் வந்து சொன்னவன் தீக்காவலன். மேலே மலையில் காணிப் பழங்குடிகளின் குடியிருப்பைச் சேர்ந்தவன், என்னைவிடப் பத்து வயது குறைவு. வேனல் காலத்துக்கு மட்டும் தினக்கூலிக்குக் காட்டைக் காக்கிற வேலை அவனுக்கு. பன்னிரண்டு வேனல் இப்படிப் பார்த்துவிட்டான். அந்த வருடம் நிரந்தரமாக்குகிற பட்டியலில் அவன் பெயரும் போயிருந்தது. அதை என்னிடம்தான் முதலில் வந்து சொன்னான். மகளை நர்சிங் படிக்க வைக்கலாம் என்று அவன் சொன்னபோது என் மனைவி அவனுக்குச் சாயாவோடு இரண்டு முந்திரிக்கொத்தும் வைத்தாள். என்மேல் அவனுக்கு ஒரு மரியாதை இருந்தது. வெளிநாடு போய் வந்தவன், நாலு விஷயம் தெரிந்தவன் என்று.

"அண்ணே, கரியிலைய கோட்டுல தள்ளாண்டாம்" என்றான். "கோடு வெறுந்தரையா கெடக்கணும். மேல தீ வந்துதுண்ணா இது வழியா நேரே உங்களுக்க வெளைக்குள்ள எறங்கும்."

"இனிமே கோட்டத் தாண்டி அடிக்கேன் மக்கா" என்றேன். அப்படியே செய்தேன். ஆனால் காற்று சொன்னபடி கேட்கவில்லை. பாதி தாண்டியது, பாதி கோட்டிலேயே விழுந்தது. தாண்டி விழுந்ததும் கோட்டின் அந்தக் கரையில் ஒரு வரப்பு மாதிரி உயர்ந்தது. அவன் தினமும் வந்து கோட்டைத் தூப்பான். சில நாள் என் கரியிலையைச் சாக்கில் கட்டி, முதுகில் சுமந்து, என் குழியிலேயே கொண்டு போட்டுவிட்டுப் போவான். ஒரு வார்த்தை பேசமாட்டான். அந்தப் பேசாமைதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவன் சாக்கோடு போகையில் வாசலில் நின்றுகொண்டு, "அதுக்குத்தான உனக்குக் கூலி தாறான்" என்றேன். அவன் நின்றான், சாக்கை இன்னொரு தோளுக்கு மாற்றினான், போய்விட்டான். உள்ளே போனபோது மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று மதியம் அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தனியாகப் பின்வாசலில் போய் இருந்து சாப்பிட்டாள்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நான் ஒன்றைத் தொடங்கிவிட்டால் தப்பு என்று தெரிந்தாலும் வீம்புக்காக இரண்டு நாள் கூடுதலாகச் செய்கிறவன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் மலையில் புகை தெரிந்தது. யார் வைத்தது, எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. புல்லைத் தின்று வந்த தீ எங்கள் கோட்டுக்கு வந்தபோது ஆளுயரம்கூட இல்லை. முழங்கால் அளவுதான் இருக்கும். சுத்தமான மண்ணாக இருந்திருந்தால் அங்கேயே படுத்திருக்கும். கரையில் நாங்கள் எழுப்பி வைத்திருந்த வரப்பில் அது ஏறியது. அப்புறம் நடந்து வரவில்லை, ஓடி வந்தது. காலையில் அவன் தூத்துப்போன பிறகு நான் தள்ளியிருந்த கரியிலை கோட்டில் புதிதாகக் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, எரிகிற இலையைக் காற்று தூக்கிப் போட்டதில், எல்லைக்கற்களைத் தாண்டி என் முதல் வரிசை மரத்துக்கு வந்துவிட்டது. பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டைகளில் காய்ந்திருந்த ஒட்டுப்பால் எரிகிற நாற்றத்தை என் மூக்கு இன்னும் மறக்கவில்லை.

நான் பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு தீயை அடித்தேன். பயத்தில் எங்கே அடிக்கிறேன் என்றே தெரியவில்லை. பக்கத்து விளைக்காரர்களும் ஓடி வந்தார்கள். அவன் மேலேயிருந்து எப்படி இறங்கி வந்தானோ, தீயின் பக்கம் போகவே இல்லை. நேராக என் விளைக்குள் வந்து, ஐந்தாவது வரிசைக்கும் ஆறாவது வரிசைக்கும் நடுவில் குனிந்து மண்வெட்டியால் இழுக்கத் தொடங்கினான். நான் மேல் வரிசைகளை மட்டும்தான் துடைத்து வைத்திருந்தேன், அதற்குக் கீழே வீடுவரை கரியிலை மெத்தை மாதிரி கிடந்தது. "அண்ணே, தீய விடுங்க, இங்க வந்து கரியிலைய இழுங்க, அந்தப் பக்கமில்ல, வீட்டுப் பக்கம்" என்று கத்தினான். இழுத்தோம். விளைக்குக் குறுக்கே மண் தெரிய ஒரு கோடு விழுந்தது. தீ அங்கே வந்து நின்றது. நாற்பது மரத்துக்குப் பட்டை வெந்துபோனது. வீட்டுக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு வலது கை முழங்கைவரை கொப்பளித்திருந்தது. என் மனைவி அழுதுகொண்டே அந்தக் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் ஜீப்பில் வனத்துறை அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். எல்லைக்கல் பக்கத்தில் எங்களை எல்லாம் நிற்கவைத்தார். கோட்டில் எரியாமல் மிச்சமிருந்த கரியிலையைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "கோட்டுல இவ்வளவு இலை எப்படி வந்தது? காட்டுக்குள்ள குப்பை தள்ளினா கேஸ் உண்டு, தெரியும்ல?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் நின்றவன் நான்தான். "கடைசியா எப்பக் கோட்டைக் கூட்டினாங்க?"

கேஸ் என்ற சொல் என் காதில் விழுந்த கணத்தில் எனக்குள் இருந்த பெரிய மனிதன் எங்கே போனான் என்று தெரியவில்லை. என் வாய் சொன்னது, "பொங்கலுக்கு முன்ன ஒருக்கா தூத்ததுதான் சார். அதுக்குப் பெறவு ஆளக் கண்ணுலயே காணல்ல."

மற்ற விளைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் தலையாட்டினார். கையில் துணி சுற்றிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் நின்றிருந்தான் அவன். அவன் மறுத்துப் பேசுவான் என்று நினைத்தேன். பேசினால் எப்படிச் சமாளிப்பது என்றுகூட அந்த அரை நிமிடத்தில் யோசித்து வைத்துவிட்டேன். அவன் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பட்டியல் வந்தபோது அவன் பெயர் இல்லை. அடுத்த வேனலுக்குத் தினக்கூலிக்கும் அவனைக் கூப்பிடவில்லை. என் மனைவி ஒரு வருடம் என்னிடம் அதைப்பற்றிப் பேசாமல் இருந்துவிட்டு, ஒருநாள் துணி மடிக்கும்போது, "நீங்க போயி ஒரு வார்த்த சொன்னா என்ன குறைஞ்சு போயிருவீங்க?" என்றாள். இரண்டு முறை அந்த அதிகாரியின் ஆபீஸ் வாசல்வரை போனேன். முதல் முறை அதிகாரி இல்லை என்றார்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் முறை அவர் உள்ளே இருந்தார். நான் எதிர்க்கடையில் ஒரு சாயா குடித்துவிட்டு பஸ் ஏறினேன். என் வாழ்க்கையில் நான் குடித்ததிலேயே கேவலமான சாயா அதுதான்.

போன தையில் அவன் என் வாசலில் வந்து நின்றான். இப்போது விளைகளில் கூலிக்குக் கரியிலை ஒதுக்குகிற வேலை செய்கிறானாம். வலது கையில் தோல் சுருங்கி வேறு நிறமாக இருந்தது. "அண்ணே, மிசினு சும்மாதான கெடக்கு? தாங்க, உங்களுக்க வெளைய நானே அடிச்சுத் தாறேன்" என்றான். தீக்குப் பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை. எடுத்துக் கொடுத்தேன்.

அவன் நேரே எல்லைக்கல்லுக்குப் போனான். காட்டுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, என் வீட்டைப் பார்க்க அடித்தான். ஒவ்வொரு வரிசையாகக் கரியிலையைக் குழிவரைக்கும் கொண்டுவந்தான். பறந்து திரும்பியதை மறுபடி போய் ஒதுக்கினான். நான் ஒரு காலையில் முடித்த வேலைக்கு அவனுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நான் அவன் பின்னாலேயே சாக்கு எடுத்துக்கொண்டு நடந்தேன். அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. இயந்திரச் சத்தத்தில் சொன்னால் அவனுக்குக் கேட்காது என்பதால் சத்தத்திலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் வேலை முடிந்து, என் மனைவி கொடுத்த சாயாவைக் குழி மேட்டில் உட்கார்ந்து அவன் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "மக்கா, அண்ணைக்கு நான் பொய் சொன்னேன். நீ தெனமும் வந்து தூத்தது எனக்குத் தெரியும். நான்தான் கரியிலையத் தள்ளினேன்."

அவன் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

"எனக்குத் தெரியாதா அண்ணே" என்றான். "நீங்களே உண்மையச் சொல்லுவீங்கண்ணுதான் நான் அண்ணைக்கு வாயத் தொறக்கல்ல."