பட்டன் அமுக்குகிறவர்கள்

நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று நினைவு வைத்திருக்கும் கருவி கிட். செம்பூரில் எங்கள் அலுவலகத்தில் அதைக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்குகிறவனுக்குத்தான் மரியாதை. நானோ அதே வேலைக்குப் பட்டன்களும் வண்ணக் கோடுகளும் கொண்ட ஆப் வைத்திருந்தேன். மாட்டுங்காவிலிருந்து வரும் டீம் லீடுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "பட்டன் அமுக்கறவாள்லாம் டெவலப்பரா?" என்பார். தன் மவுஸை அலுவலகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்ட வைராக்கியசாலி.

ஒரு நாள் அவர் தட்டிய கட்டளையில் டீமின் ஒரு வார வேலை காணாமல் போனது. பதறிப்போய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அரே, அந்தக் கலர் கோடெல்லாம் வருமே, அதைக் கொஞ்சம் தொறடா."

திறந்தேன். என் கணினியில் இருந்த நகலில் அந்த வேலை பத்திரமாக இருந்தது. அவரே என் மவுஸைப் பிடித்து, இரண்டு பட்டனை அமுக்கி மீட்டார். மீட்டிங்கில், "கமாண்ட்லயே சரி பண்ணிட்டேன்" என்றார்.

மறுநாள், "எக்செல்லுக்கு வேணும்" என்று என் மவுஸை வாங்கிப் போனார். ஆப் அவர் கணினிக்கும் போயிற்று, மவுஸ் திரும்பவில்லை.

வேறு வழியில்லாமல் நான் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்து என் தோளில் தட்டினார்.

"இப்பத்தான்டா நீ டெவலப்பர்."