சுருளக்காவின் நாலு செல்

சுருளக்கா என்ற பேருக்குத் தலைமுடி காரணம் இல்லை. அவள் முடி குச்சி மாதிரி நேராக நிற்கும். பேட்டரி செல் செய்யும் தொழிற்சாலையில், சுருள் சுற்றும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தாள். அங்கே ஒட்டிக்கொண்ட பேர், வேலையை விட்ட பிறகும் அவளை விடவில்லை. இப்போது ஒரு சைக்கிள் கடைக்கு மேலே உள்ள அறையில் பேட்டரிப் பெட்டி கட்டிக் கொடுக்கிறாள். செல்களை வெளியே வாங்குவாள். அடுக்குவது, கம்பி இணைப்பது, சோதிப்பது எல்லாம் அவள் கை.

அவள் அண்ணன் வீட்டில்தான் எனக்கு அவள் பழக்கம். அண்ணன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்புத் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகும் நோய். மூச்சுவிடும் தசைகளும் சோர்ந்துவிட்டதால், முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷின் இல்லாமல் அவரால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. பகல் முழுவதும் அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நோயாளிகளைப் பராமரிக்க முறையாகப் பயிற்சி எடுத்தவள் நான், நர்ஸ் இல்லை. அந்த வீட்டில் 'நர்சம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்திப் பார்த்தேன், பலனில்லை, விட்டுவிட்டேன்.

முன்பு அவர் கட்டிலுக்கடியில் பழைய வகை ஈய பேட்டரி ஒன்று இருந்தது. தரை துடைக்க அதை நகர்த்துவதற்குள் என் இடுப்பு கழன்றுவிடும். சுருளக்கா ஒருநாள் செருப்புப் பெட்டி அளவில் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ஒற்றைக் கையால்.

"இவ்வளவுதானா?" என்றாள் டிரைவரின் மனைவி. சுருளக்காவுக்கு அண்ணி. இரண்டு பேருக்கும் கல்யாணப் பந்தலில் ஆரம்பித்த உரசல் இன்னும் ஓயவில்லை.

"இவ்வளவுதான் அண்ணி. எடைய வச்சு ஆளை மதிக்காதீங்க."

டிரைவர் முகமூடிக்குள்ளிருந்து கேட்டார். "உள்ள என்னதான் இருக்கு?"

அந்தக் கேள்விக்காகவே அவள் காத்திருந்திருக்க வேண்டும். பையிலிருந்து இன்னொரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். தொழிற்சாலையில் மின்சாரம் ஏற்றாமலே கழித்துவிட்ட ஒரு செல்லின் சுருள், காய்ந்துபோனது. வீட்டில் யாரும் ஓடும் செல்லைப் பிரிக்கக் கூடாது என்று மூன்று தரம் எச்சரித்துவிட்டு அதை விரித்தாள். எனக்குக் கால் வீக்கத்துக்குச் சுற்றும் கட்டுத்துணிதான் ஞாபகம் வந்தது. அதே மாதிரி நீளம், அதே மாதிரி இறுக்கமான சுற்று.

"இது செப்புத் தகடு. மேல பூசியிருக்கிற கருப்பு, பென்சில் முனையில இருக்குமே, அந்த மாதிரி. இது அலுமினியத் தகடு. இதுவும் கருப்புதான், ஆனா வேற கருப்பு. இரும்பு, பாஸ்பேட், லித்தியம் மூணும் சேர்ந்தது."

"கருப்புல என்ன வேற கருப்பு?" என்றாள் அண்ணி.

"ரெண்டுக்கும் நடுவுல இந்த வெள்ளைத் தாள். பார்க்கத்தான் தாள், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நிறைய இருக்கும். ரெண்டு தகடும் ஒண்ணை ஒண்ணு தொட்டா கதை முடிஞ்சது. தொடவிடாம இது படுத்துக்கிட்டே இருக்கணும்."

"உனக்கும் உங்க அண்ணிக்கும் நடுவுல நான் படுத்திருக்கேனே, அந்த மாதிரி" என்றார் டிரைவர்.

அண்ணி அவர் போர்வையைத் தேவைக்கு மேல் இழுத்துவிட்டாள்.

தகடுகள் இருந்த இடத்திலேயே இருக்குமாம். லித்தியம் மட்டும் உள்ளே ஊற்றிய திரவத்தின் வழியாக, அந்தத் தாளைத் தாண்டி, சார்ஜ் ஏறும்போது ஒரு பக்கம், செலவாகும்போது மறுபக்கம் என்று போய்வரும். எனக்கு உடனே புரிந்தது. வார்டு அதே வார்டுதான், ஷிப்டு ஆட்கள் மட்டும் மாறுகிறார்கள்.

"போன் பேட்டரி வெடிச்சு ஒருத்தர் பாக்கெட்டே எரிஞ்சுபோச்சாம். இதுவும் அந்த வகைதானே?" என்றாள் அண்ணி.

"அது வேற ரகம். இதுல இருக்கிற ஆக்சிஜனை பாஸ்பேட் கெட்டியா புடிச்சு வச்சிருக்கும். சூடு ஏறினாலும் லேசுல விடாது. அதனால தீ புடிக்கிறது ரொம்பக் கஷ்டம்."

"நல்லா இருக்கு. மனுஷனுக்கு வேண்டியதே ஆக்சிஜன். இவ கொண்டுவந்த பொருள் அதைப் புடிச்சு வச்சுக்கிட்டு விடாதாம்."

இதற்கு மேல் நான் நிற்கவில்லை. மெஷினின் வடிகட்டியைக் கழுவப் போய்விட்டேன். சுருளக்காவின் குரல் குளியலறை வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெட்டி நன்றாகத்தான் உழைத்தது. மின்சாரம் போனால் மெஷின் தானே அதற்கு மாறிக்கொள்ளும். பெட்டிமேல் ஒரு சின்ன மீட்டர், எவ்வளவு மிச்சம் என்று எண் காட்டும். அதைக் கவனிக்கும் பொறுப்பை அண்ணி எடுத்துக்கொண்டாள். அடுப்பைக்கூட அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. மீட்டர் அறுபது காட்டியது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சமையலறைக்குப் போனாள். நான் டிரைவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மெஷின் அலறியது. திரை அணைந்தது. காற்று நின்றுவிட்டது.

காற்று வராத முகமூடி மூக்கை அடைப்பதற்குச் சமம். முதலில் அதைக் கழற்றினேன். மல்லாத்திப் படுக்கவைத்து, கட்டில் தலைமாட்டில் எப்போதும் தொங்கவிட்டிருக்கும் மூச்சுப் பையை எடுத்து, அதன் மூடியை முகத்தில் பொருத்திக் கையால் அமுக்க ஆரம்பித்தேன். அண்ணி கதவில் நின்று ஓவென்று அழுதாள்.

"அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கும்மா. கீழ பேக்கரியில ஜெனரேட்டர் ஓடுது பாரு. ஒயர் இழுத்துக் குடுக்கச் சொல்லு. ஓடு!"

ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்து ஜன்னல் வழியாக ஒயரை எறிந்தார். மெஷின் மறுபடி உறுமியது. டிரைவரின் உதட்டில் நிறம் திரும்பியதும், என் கை மரத்துப்போயிருப்பது எனக்குத் தெரிந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் அவர் சொன்னது: "ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே இறக்கிவிடப் பார்த்தீங்களே."

அண்ணி போனை எடுத்தாள். "உன் பெட்டி உங்க அண்ணனைக் கொல்லப் பார்த்துச்சு" என்று ஒரே வரி. அந்தப் பக்கம் உடனே போனை வைத்துவிட்டாள். சுருளக்கா இவ்வளவு சீக்கிரம் பேச்சை முடித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தரம்.

மூச்சிரைக்க வந்தாள். பின்னாலேயே சைக்கிள் கடைக்காரர், ஒரு ஈய பேட்டரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறினார். முதலில் அதை மெஷினுக்கு இணைத்தாள். அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருகுகளைக் கழற்றினாள்.

உள்ளே நாலு செல், செங்கல் அடுக்கியது மாதிரி நெருக்கமாக. மேலே கம்பிகள் போய்ச் சேரும் சின்னப் பச்சை போர்டு. எந்த செல்லாவது அளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ, பெட்டி மொத்தத்தையும் நிறுத்திவிடுவது அதன் வேலை. அவள் ஒவ்வொரு செல்லிலும் கருவியை வைத்துப் பார்த்தாள். மூன்று ஒரே மாதிரி. நாலாவது பாதாளத்தில்.

"போர்டு சரியாத்தான் நிறுத்தியிருக்கு. இந்த ஒண்ணு காலியாகியிருக்கு" என்றாள்.

"ஏன் காலியாச்சு?" என்று கேட்டேன்.

"அதுதான் பயம் நர்சம்மா. சுருள்ல ஓரம் நழுவியிருந்தா உள்ளுக்குள்ளேயே கசியும். செப்புத் தகடு அலுமினியத்தைவிட ஒரு நூல் அகலமா இருக்கணும், வெள்ளைத் தாள் ரெண்டையும்விட அகலமா இருக்கணும். அதைப் பார்க்கிறதுதான் கம்பெனியில என் வேலை. ஓரம் பிசகினா சுத்துற மெஷினையே நிறுத்திடுவேன். எத்தனை திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா?"

"நீ திட்டு வாங்கினது ஓயாம பேசினதுக்குத்தானே?" என்றாள் அண்ணி.

அதுவும் உண்மைதான். செல்லுக்கு ஈரம் ஆகாது. சுற்றும் அறையில் காற்றைக் காயவைத்திருப்பார்கள், உதடு வெடித்துவிடும். மனுஷ மூச்சில் ஈரம் இருப்பதால் உள்ளே எத்தனை பேர் என்பதற்குக்கூட அளவு. "நீ ஒருத்தி பேசுறது மூணு ஆளு மூச்சுக்குச் சமம்" என்று மேற்பார்வையாளர் அவளை வெளியே நிறுத்திய கதையை அவளே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"இதோட சேர்த்து ஒரே தடவையில வாங்கின செல்லுல வேற பெட்டியும் கட்டிக் குடுத்திருக்கேன். இதே மாதிரி மெஷின் வச்சிருக்கிற வீடுங்களுக்கு. இது பழுதுன்னா அதுங்களையும் நம்ப முடியாது. இன்னைக்கே போய்க் கழட்டணும். அப்புறம் நான் யார் மூஞ்சியில முழிக்கிறது?"

"பழுதான்னு எப்படித் தெரியும்?"

"நாலையும் தனித்தனியா முழுசா நிரப்பி, கம்பியைக் கழட்டிட்டு சும்மா வைக்கணும். கசிவு இருந்தா அது மட்டும் இறங்கிக்கிட்டே போகும். நாளைக்குத் தெரிஞ்சிடும். இங்கேயே வைக்கிறேன், அண்ணி கண்ணு முன்னாடி."

மின்சாரம் திரும்பியதும் நாலையும் நிரப்பி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனாள். அதற்குள் கடைக்காரரிடம் முகவரிகளைச் சொல்லி, அந்த வீடுகளுக்கெல்லாம் மாற்று பேட்டரி அனுப்பிவிட்டாள். பழுதா இல்லையா என்று தெரியும்வரை அவள் காத்திருக்கவில்லை. அவளைப் பற்றி எனக்கு மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

மறுநாள் நான் டிரைவருக்குச் சாப்பாடு கொடுத்து முடிக்கும் நேரத்தில் வந்தாள். வணக்கம்கூட இல்லை. நேராக மேசைக்குப் போனாள். கருவியை வைத்தாள். நாலும் கொஞ்சம் இறங்கி ஒரே இடத்தில் நின்றிருந்தன. அந்த அளவு இறங்குவது இயல்பாம். நாலாவதை மறுபடி பார்த்தாள். கருவியைத் தட்டிவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

"இறங்கல" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இறங்கல நர்சம்மா. சுருள் நல்லா இருக்கு."

"அப்ப எதுக்கு நேத்து காலியாச்சு?" என்று அண்ணி விடவில்லை.

சுருளக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணி, பெட்டி எப்பவாவது நூறு வரைக்கும் ஏறியிருக்கா?"

"ஒருநாளும் இல்ல" என்றாள் அண்ணி பெருமையாக. "எண்பது வந்ததும் பிளக்கைப் புடுங்கிடுவேன். முழுசா ஏத்தினா பேட்டரி சீக்கிரம் போயிடும்னு போன் கடைக்காரர் சொல்லியிருக்கார். நான் அவ்வளவு பத்திரமா பார்த்துக்கிட்டேன்."



"அதான்!" என்று சுருளக்கா தலையில் கைவைத்தாள். "நாலும் ஒண்ணா வேலை செஞ்சாலும் ஒண்ணு கொஞ்சம் சோம்பேறியா இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா பின்தங்கும். இந்த ரகத்துல நடுவழியில வோல்டேஜ் ஏறாது, இறங்காது. யார் பின்தங்கியிருக்காங்கன்னு போர்டுக்கே தெரியாது. நூறுகிட்ட போனாத்தான் தெரியும். அப்பதான் முந்தினவங்களைப் புடிச்சு நிறுத்தி, பின்தங்கினதை மேல கொண்டுவரும். மீட்டரும் அப்பதான் தன் கணக்கைச் சரிபண்ணிக்கும். இல்லாட்டி அது பாட்டுக்கு அறுபதுன்னு உளறும்."

நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காகக் காட்டி, கடைசியில் ஒரேயடியாகச் சரியும் நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். முகத்தை வைத்து அவர்களைக் கணிக்கக் கூடாது. இந்த நாலு செங்கல்லும் அந்த வகை.

"வாரத்துக்கு ஒருதரம் நூறு வரைக்கும் விடுங்கன்னு சொன்னேனே!"

"எப்ப சொன்ன?"

"கொண்டுவந்த அன்னிக்கே!"

"அன்னிக்கு நீ மத்தியானம் பூரா பேசின. அதுல இது எந்த மூலையில கிடந்துச்சு?"

"சொன்னா" என்றார் டிரைவர் கட்டிலிலிருந்து. "பாஸ்பேட்டுக்கு அப்புறம், டீக்கு முன்னாடி."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். "கேட்டீங்கள்ல? அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"முகமூடி போட்டிருந்தேன்" என்றார்.

முதலில் சிரித்தது அண்ணிதான். அழுகையும் கூடவே வந்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, சுருளக்காவும் எதிர்பார்க்கவில்லை. சர்க்கரை தாராளமாகப் போட்ட ஒரு டம்ளர் டீ வந்தது. "குடி. நேத்துல இருந்து பச்சைத் தண்ணி இறங்கியிருக்காது" என்றாள்.

பெட்டியைத் திரும்பப் பூட்டி, விளக்குகளை இணைத்து, தீரும்வரை எரியவிட்டுப் பார்த்தார்கள். அவள் சொன்ன நேரத்துக்கு மேலேயே எரிந்தன. பிறகு சார்ஜ் ஏற்றினார்கள். மீட்டர் எண்பதைத் தாண்டியபோது அண்ணியின் கை தானாகப் பிளக்குக்குப் போனது. சுருளக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். நூறு வரும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், கையை விடாமல்.

நான் என் பங்குக்கு இரண்டு காரியம் செய்தேன். 'வாரம் ஒருநாள் முழு சார்ஜ்' என்று பிளாஸ்திரியில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டினேன். ஈய பேட்டரி திரும்பிப் போகக் கூடாது, மூச்சுப் பை இருந்த இடத்திலேயே தொங்க வேண்டும் என்று சொன்னேன். நல்ல பொருளுக்கும் துணை வேண்டும். சுருளக்காவிடமும் சொன்னேன்: "இனிமே அதை முதல்ல சொல்லு. பாஸ்பேட் அப்புறம்."

மற்ற வீடுகளுக்கு அவளே போனாள். எல்லாப் பெட்டியும் நன்றாக இருந்தது. ஒரு வீட்டில் எழுபதிலேயே பிடுங்கிக்கொண்டிருந்தார்களாம். அக்கறை சிலருக்கு அதிகம்.

போன வாரம் நான் டிரைவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது மின்விசிறி நின்றது. பக்கத்து வீட்டு டிவியும் நின்றது. மெஷின் நிற்கவில்லை, முகமூடிக்குள் காற்று அதே தாளத்தில் போய்வந்தது. டிரைவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் அண்ணி போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் போய் ரொம்ப நேரம் ஆச்சு... ஓடுது... தொண்ணூறு காட்டுது... ஓடுதுன்னு சொல்றேன்ல! நீ எதுக்கு வர்ற? சரி, வந்து தொலை. வரும்போது சாப்பிடாம வா."

நான் அடுத்த விரலுக்குப் போனேன்.