கண்ணாடிக்கு வைத்த பொட்டு

பாச்சாங்கில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டில் என்னோடு பேசுவது சோறு வேகவைக்கும் மின்சாரக் குக்கர் ஒன்றுதான். வெந்து முடிந்ததும் டக்கென்று ஒரு சத்தம் போடும். சில நாள் அதற்கு "சரி, வர்றேன்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். தனியாக இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் எதற்காவது பதில் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்.

நான் வேதியியல்காரி. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சாயம் செய்கிறேன். சேலைக்குப் போடும் சாயமில்லை, வெளிச்சத்தைக் குடித்து மின்சாரம் தரும் சாயம். பெயிண்டில் கலக்கும் வெள்ளைப் பொடியைக் கண்ணாடியில் மெல்லியதாகப் பூசிச் சுட்டு, பிறகு சாயத்தில் ஊறவைப்போம். பொடித் துகள்களில் சாயத்தின் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். மேலே இன்னொரு கண்ணாடியை மூடி, நடுவில் கொஞ்சம் திரவம் விட்டு, ஓரங்களைப் பசையால் அடைத்தால் தீப்பெட்டி அளவில் ஒரு சூரிய மின்கலம் தயார். இதையெல்லாம் ஒரு கல்யாண வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது, மாமா ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வீட்டுக்கு சோலார் போட எவ்ளோலா ஆவும்?" என்றார். அதன் பிறகு நான் யாருக்கும் விளக்குவதில்லை.

ஆய்வுக்கூடத்திலும் பேச்சுத்துணை குறைவுதான். சனிக்கிழமைகளில் மற்றவர்கள் குடும்பத்தோடு உம்பாய் கடற்கரைக்குச் சுட்ட மீன் சாப்பிடப் போவார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். ஒருமுறை போனேன். பிள்ளைகளுக்கு முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசுகிறவர்களிடம் நான் மூலக்கூறைப் பற்றி என்ன பேசுவது? அடுத்த முறை தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

என் கடைசிச் சாயம் மங்குஸ்தான் பழத் தோலின் நிறம். அவ்வளவு கருஞ்சிவப்பாக ஒரு மூலக்கூறு என் கையில் அதற்கு முன் வந்ததில்லை. வருடக்கணக்கில் ஒரு பக்கம் கூட்டி மறு பக்கம் குறைத்துச் செய்தது. ஆய்வுக்கூடத்து விளக்கின் கீழ் நன்றாகத் தாங்கியது. இனி உண்மையான வெயிலில் தாங்க வேண்டும். ஆண்டு முடிவதற்குள் தாங்கிக் காட்டினால் திட்டம் தொடரும். இல்லையென்றால் மூடிவிட்டு, என்னை வகுப்பு மட்டும் எடுக்கச் சொல்லிவிடுவார்கள். வகுப்பு எடுப்பது கேவலமில்லை. ஆனால் என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அந்தச் சிவப்பு ஒன்றுதான்.

பல்கலைக்கழகக் கட்டடத்தின் கூரையில் அப்போது பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் கண்ணாடிகளை அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா லூபோக் சீனா என்ற ஊர்ப் பக்கம், ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் தனியாக இருக்கிறார். பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்கு மேலே தெளிவான பிளாஸ்டிக் தகடு போட்டிருக்கிறது. வெயில் வரும், மழை வராது. கண்ணாடிகளை அங்கே ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி, ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்தேன். அவை தரும் மின்சாரத்தை அந்தப் பெட்டி அளந்து என் போனுக்கு அனுப்பிவிடும். அப்படியிருந்தும் ஞாயிறுதோறும் நேரில் போனேன். உண்மையைச் சொன்னால், அங்கே போக எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மகள் தாயைப் பார்க்கப் போக சாக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் இருவருமே அதிகம் பேசுகிற ஆட்கள் இல்லை.

அப்படி இரண்டு மூன்று ஞாயிறு போயிருப்பேன், பரீட்சைத் தாள்கள் வந்து குவிந்தன. சில வாரங்கள் போக முடியவில்லை. ஆயுத பூசையன்று காலை போனைப் பார்த்தால், எல்லாக் கண்ணாடிகளின் மின்சாரமும் ஒரே நேரத்தில் சட்டென்று இறங்கியிருந்தது. ஒன்று இறங்கினால் அது அந்தக் கண்ணாடியின் கோளாறு. எல்லாம் சேர்ந்து இறங்குமா? இறங்கியதோடும் நிற்கவில்லை. அடுத்தடுத்த நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, கண்ணாடிங்க சரியா இருக்கா? யாராச்சும் தொட்டாங்களா?"

"யாரும் தொடல. நல்லபடியா இருக்கு. நீ பசியாறிட்டியா?"

"துணி ஏதும் மறைக்குதா?"

"நீ சொன்னதுலருந்து துணிய முன்னாடிதான் காயப்போடுறேன். பசியாறிட்டியான்னு கேட்டேன்லா."

அப்படியென்றால் ஈரம்தான் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர்க் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். ஓரத்துப் பசை விட்டு, ஈரம் உள்ளே போயிருக்க வேண்டும். வருத்தமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஈரம் என்றால் பசையை மாற்றினால் போதும். வெளிச்சமே சாயத்தை உடைக்கிறது என்றால்தான் மூலக்கூறையே தலைமுழுக வேண்டும். அதனால் ஈரமாக இருக்க வேண்டும் என்று, சாமி அறை இல்லாத வீட்டில் நின்று வேண்டிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை போனேன். அம்மா பின்பக்கம் அடுப்பு வைத்து முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். நான் பையைக்கூட வைக்காமல் பலகையிடம் போனேன். ஒவ்வொரு கண்ணாடியின் நடுவிலும் ஐம்பது காசு அளவுக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

விழுந்து விழுந்து சிரித்தேன். பசை விடவில்லை, ஒன்றும் உடையவில்லை. பொட்டு வெளிச்சத்தை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

"என்னா சிரிப்பு? பக்கத்து வீட்டு லோரிக்கு வெச்சோம், புல்லு வெட்டுற மிசினுக்கு வெச்சோம், என் அரிவாமனைக்கும் வெச்சேன். உன் ஆயுதம் இங்கதானே கெடக்கு. அத மட்டும் மூளியா விடச் சொல்றியா?"

"யாரும் தொடலன்னு சொன்னீங்களே?"

"பொட்டு வெக்கிறது தொடுறதா? சாமி காரியம்லா அது. காஞ்சு உதுருதுன்னு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம புதுசா வெச்சிருக்கேன்."

எங்கள் வீட்டில் யாரும் என் வேலையை வேலை என்று சொன்னதில்லை. தலை நரைத்த பிறகும் 'படிச்சிக்கிட்டு இருக்கா' என்றுதான் சொல்வார்கள். அம்மா அதை லோரியோடும் அரிவாள்மனையோடும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு துணியை நனைத்து முதல் பொட்டைத் துடைத்தேன்.

பொட்டுக்குக் கீழே ஒரு வட்டம். மங்குஸ்தான் தோலின் நிறம், வைத்த நாளில் இருந்த அதே கருஞ்சிவப்பு. வட்டத்துக்கு வெளியே, தண்ணீர் கூடிப்போன ரோஜா சிராப் பானம் போல வெளிறிக் கிடந்தது. அடுத்த கண்ணாடியைத் துடைத்தேன். அதிலும் அப்படியே. எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்தேன்.

ஈரம் உள்ளே வந்திருந்தால் வட்டத்துக்குள்ளும் வந்திருக்கும். ஈரத்துக்குப் பொட்டு ஒரு தடையா? சூடும் அப்படித்தான், கண்ணாடி முழுக்க ஒன்றுபோல் ஏறும். வட்டத்துக்குள் போகாதது வெளிச்சம் மட்டுமே. எந்த வெளிச்சத்தைக் குடிப்பதற்காக அதைச் செய்தேனோ, அந்த வெளிச்சமே அதைத் தின்றிருக்கிறது. இனி எந்தப் பசையாலும் பயனில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். அங்கேயே, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா, பொட்டு வெச்ச எடத்த மட்டும் சாமி காப்பாத்திருச்சு. அதுக்கு ஏன் அழுவுற?"

"வெயில் தாங்கலம்மா. இந்தச் சாயம் அவ்வளவுதான். முடிஞ்சிருச்சு."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. அடுப்பருகே திரும்பிப் போய் உட்கார்ந்தார். எண்ணெயில் கிடந்த முறுக்கைத் திருப்பிப் போட்டார், எடுத்து வைத்தார், இன்னொன்றைப் பிழிந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்ப இனிமே ஞாயித்துக்கெழம வரமாட்டியா?"

நான் அதுவரை என் மூலக்கூறை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடிகளை அம்மா ஏன் வெள்ளிதோறும் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டார் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

தீபாவளி முடிந்து கிளம்பும்போது பெட்டியைக் கழற்றினேன், கம்பிகளைச் சுருட்டினேன், கண்ணாடிகளைத் துணியில் சுற்றிக் காரில் வைத்தேன். ஒன்றை மட்டும் பலகையிலேயே விட்டேன்.

"அது?" என்றார் அம்மா.

"அது இங்கயே இருக்கட்டும். வந்து வந்து பாக்கணும்."

அதில் அளக்க ஒன்றுமே இல்லை. நான் காரை எடுப்பதற்குள் அம்மா உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்துவிட்டார்.