தேர் நிலைக்கு வரும்வரை

எங்கள் ஊர் திருமானூரிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் சில கட்டுப்பாடுகள் வந்துவிடும். நடுவில் யாராவது இறந்துபோனால், உடலை எடுத்துத் தெருவைக் கழுவும்வரை தேர் நகராது. தேர் நிலைக்கு வரும்வரை அந்த வீட்டில் அழுகைச் சத்தமும் கேட்கக் கூடாது. இதையெல்லாம் வருடா வருடம் மைக்கில் சொன்னவனே நான்தான். விழாக்குழுவில் இருந்த எனக்கு மைக் என்றால் கொள்ளை ஆசை.

சில வருடங்களுக்கு முன் தேரன்று காலையில் அக்கா வீட்டுக்காரர் போய்விட்டார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். வடம் பிடிக்கப் புது வேட்டி கட்டிக்கொண்டு, காப்பி கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர்கள் வீடு தேரோடும் தெருவிலேயே இருந்தது.

பெரியவர்கள் என்னைத்தான் அனுப்பினார்கள்.

"ஊரே காத்துக் கெடக்குது. நீ சொன்னாத்தான் உங்கக்கா கேக்கும்."

நானும் பெரிய மனுஷன் மாதிரி, சட்டையில் குத்திய பேட்ஜைக்கூடக் கழற்றாமல் போனேன். அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைக் கண்டதும் வாயைத் திறந்தாள்.

"அக்கா, சத்தம் போடாத. தேர் நெலைக்கு வந்துரட்டும், அப்பறம் அழுவிக்கலாம்."

அந்த வார்த்தைக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

அக்கா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பறை இல்லை, வெடி இல்லை, கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க ஒரு பெண்ணும் வரவில்லை. கொல்லைப் பக்கமாக எடுத்துப்போய் அடக்கம் செய்தோம். குளித்துவிட்டு வருவதற்குள் தெருவைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். "நீ பங்காளி இல்லியே, ஒனக்கு என்னா தீட்டு?" என்று வடத்தைக் கையில் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் இழுத்தேன். அக்கா வீட்டைத் தாண்டும்போது கதவு சாத்தியிருந்தது.

சாயங்காலம் தேர் நிலைக்கு வந்ததும் சரம் சரமாக வெடி போட்டார்கள். வடத்தை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை இன்னும் கையில் சுருண்டிருந்தது.

"தேர் வந்துட்டுக்கா. இனிமே அழுவு."

அக்கா நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரப் பாத்துத் தம்பி அழுவுறது?"

அதற்குப் பிறகு நான் மைக்கைத் தொட்டதில்லை. அக்காவும் இன்றுவரை வாய்விட்டு அழவில்லை.